கனிய மணலும் கைகர் கருவியும்: திருகோணமலையில் கதிர்வீச்சை அளக்க முழுமையான வழிகாட்டி

மாரி ஓய்ந்த ஒரு தை மாதக் காலையில், முன்பு என்னிடம் உயர்தரம் படித்த பையன் ஒருவன் புல்மோட்டைப் பக்கக் கடற்கரையில் நின்று இரண்டு படங்கள் அனுப்பினான். முதல் படத்தில் இணையத்தில் வாங்கிய சின்னக் கைகர் கருவி, அதன் கீழே ஈரம் காயாத கருமணல், திரையில் 41. பத்து எட்டுத் தள்ளி வெள்ளை மணலில் எடுத்த மற்றப் படத்தில் 20. மாலைக்குள் படங்கள் உறவினர் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டன. இரவு அவனுடைய அக்கா எனக்குக் கோல் எடுத்தார். "சேர், பிள்ளைகளை இனிக் கடற்கரைக்கு விடலாமோ?"

ஓம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 41க்குப் பொருள் சொல்லத் தேவையான எதுவும் படத்தில் இல்லை. எவ்வளவு நேரம் எண்ணியது? தரையில் இருந்து எவ்வளவு உயரம்? கருவிக்குள் இருக்கும் குழாய் எந்த வகை? கைகர் கருவி தன் குழாயில் பிடிபட்ட கதிர்களை எண்ண மட்டுமே செய்யும். எண்ணியதை அளவாக்குவது அதைக் கையில் பிடித்திருப்பவரின் வேலை. அந்த வேலையை அவனுக்கு விளக்கி எழுதத் தொடங்கியது இவ்வளவு நீளமாகிவிட்டது.

மணலுக்குள் என்ன இருக்கிறது

புல்மோட்டைக் கனிய மணலில் பெரும்பங்கு இல்மனைற். அதோடு ரூட்டைலும் சிர்க்கோனும் உண்டு, மிகச் சிறிய பங்கு மொனசைற்றும் உண்டு. கதிர்த்தொழிற்பாடு, அதாவது அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர் விடுவது, பெரும்பாலும் இந்த மொனசைற்றில் இருந்துதான் வருகிறது. அது அருமண் மூலகங்களின் பொசுபேற்று, அதற்குள் தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் கலந்திருக்கும்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறத்துக்கும் கதிர்வீச்சுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கறுப்பாகத் தெரிவது இல்மனைற், அதாவது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. மொனசைற் மணிகள் தேன் நிறம் அல்லது மஞ்சள் கலந்த பழுப்பு. ஒரு சிட்டிகை கருமணலை வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால், கறுப்பு மணிகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் மணிகள் சில தெரியும். அவற்றில் பெரும்பாலானவை சிர்க்கோனும் வெள்ளை மணலின் கனியமான குவாட்சுமாக இருக்கும். மொனசைற் அபூர்வம்.

பிறகு ஏன் கறுப்புப் பட்டையில் கருவி கூடுதலாகத் துடிக்கிறது? அலை செய்யும் வேலை அது. குவாட்சின் அடர்த்தி நீரைப் போல 2.65 மடங்கு. இல்மனைற் 4.7 மடங்கு, மொனசைற் 5 மடங்கு அளவில். வாடைக்காற்றுக் காலத்தில் கரையை அடித்துத் திரும்பும் அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும். பாரமானவை ஒன்றாகப் பின்தங்கும். கறுப்புப் பட்டையைப் பாரமான மணிகள் குவிந்த இடத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் போக முடியவில்லை. கலை வரலாற்றறிஞராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன் இலங்கையின் கனியவள அளவைக்குத் தலைமை தாங்கிய புவியியலாளர். தோரியம் மிகுந்த தோரியனைற் என்ற கனியம் 1904இல் உலகுக்குத் தெரியவந்தது அவர் இலங்கையில் கண்டெடுத்ததால்தான். பெக்கரல் யுரேனியத்தில் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டு அப்போது 8 ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அணுவில் இருந்து குழாய் வரை

நிலையில்லாத கரு ஒன்று சிதையும்போது மூன்று வகையாகச் சக்தியை வெளியே விடும். அல்பா என்பது இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்த கனத்த துணிக்கை. வளியில் சில சென்ரிமீற்றர் தூரத்திலேயே ஓய்ந்துவிடும், ஒரு தாள் போதும் அதை மறிக்க. பீற்றா என்பது வேகமான இலத்திரன். சில மில்லிமீற்றர் அலுமினியத் தகடு அதை நிறுத்தும். காமா என்பது ஒளியைப் போன்ற, ஆனால் மிகுந்த சக்தியுள்ள அலை. அதை முற்றாக நிறுத்த முடியாது, பாதி பாதியாகக் குறைக்கத்தான் முடியும்.

தோரியம் 232இன் அரைவாழ்வுக்காலம் 1,400 கோடி ஆண்டுகள் அளவு. அது ஈயம் 208 ஆக மாறுவதற்குள் 6 அல்பாக்களையும் 4 பீற்றாக்களையும் இடையிடையே காமாவையும் வெளியே விடும். கன்னியா வெந்நீரூற்றில் தலைக்கு நீர் அள்ளி ஊற்றும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். பூமிக்குள்ளிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் சிதைவதால் வருவது.

சரி, கருவிக்குள் போவோம். கைகர் 1908இல் ரதர்போர்டின் ஆய்வுகூடத்தில் தொடங்கியதை, 1928இல் அவரும் அவருடைய மாணவர் முல்லரும் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். குறைந்த அமுக்கத்தில் வாயு நிரப்பிய குழாய், நடுவில் மெல்லிய கம்பி, இரண்டுக்கும் இடையே 400 வோல்ற்று அளவில் அழுத்த வேறுபாடு. உள்ளே நுழைந்த கதிர் ஒரு வாயு அணுவில் இருந்து இலத்திரனைப் பிரித்தால், அது கம்பியை நோக்கி ஓடும் வழியில் மற்ற அணுக்களை மோதி மேலும் இலத்திரன்களைப் பிரிக்கும். அவை இன்னும் பிரிக்கும். நொடிப்பொழுதில் ஒரு பெருக்கெடுப்பு, ஒரு 'டிக்' சத்தம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நுழைந்த கதிரின் சக்தி கூடவா குறைவா என்பது அந்த 'டிக்'கில் தெரியாது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவுதான். குழாய்ச் சுவரைத் தாண்டிய பீற்றா அநேகமாக எல்லாமே எண்ணப்படும். காமாவில் நூற்றுக்கு ஒன்று அளவே பிடிபடும். மலிவான கருவிகளில் இருக்கும் உலோகச் சுவர்க் குழாய்க்கு அல்பா தெரியவே தெரியாது. அதற்கு மைக்கா யன்னல் வைத்த குழாய் வேண்டும். கரைவலையில் ஏறிய மீனை எண்ணிவிட்டுக் கடலில் இருக்கும் மீன் இவ்வளவு என்று நம் சம்மாட்டிமார் யாரும் சொல்ல மாட்டார்கள். வலையின் கண் எவ்வளவு, எந்த மீன் தப்பும் என்று அவர்களுக்குத் தெரியும். குழாயையும் அப்படித் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அலகுகளை ஒன்றோடொன்று குழப்ப வேண்டாம்

ஒரு பொருளில் செக்கனுக்கு ஒரு கரு சிதைந்தால் அது 1 பெக்கரல். இது பொருளின் குணம், நீங்கள் எங்கே நின்றாலும் மாறாது. உதாரணத்துக்கு 1 கிராம் இயற்கைப் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 31 பெக்கரல் உண்டு, நம் உடம்பிலும் அது இருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்பது உங்கள் குழாய் பிடித்தது. செறிவு என்பது ஒரு பரப்பின் ஊடாக ஒரு செக்கனில் எவ்வளவு கடக்கிறது என்பது, தூரத்தோடு மாறும். ஒரு கிலோகிராம் பொருள் 1 யூல் சக்தியை உறிஞ்சினால் அது 1 கிரே. அந்த உறிஞ்சல் உயிருள்ள உடலுக்கு எவ்வளவு தீங்கு என்று நிறை கொடுத்துக் கணித்தால் சீவேட். காமாவுக்கும் பீற்றாவுக்கும் நிறை 1, அல்பாவுக்கு 20.

கருவித் திரையில் மைக்ரோசீவேட் என்று எழுதியிருந்தால் அது எண்ணிக்கையை ஒரு மாறிலியால் பெருக்கிப் போட்ட எண். அந்த மாறிலி பொதுவாகச் சீசியம் 137இன் காமாவுக்கு என்று சரிபார்க்கப்பட்டது. மணலோடு கருவியை ஒட்டி வைத்தால் பீற்றாவும் சேர்ந்து எண்ணப்பட்டு, இருப்பதை விடப் பெரிய சீவேட் காட்டும். பையன் செய்தது இதைத்தான்.

முதல் படி: பின்னணியைப் பிடியுங்கள்

எதையும் அளக்க முன், ஒன்றும் வைக்காமல் எண்ணுங்கள். விண்ணில் இருந்து வரும் கதிர், தரை, சுவர்ச் சீமெந்து, குழாயின் சொந்த உலோகம் எல்லாம் சேர்ந்து ஒரு அடிமட்ட எண்ணிக்கை எப்போதும் இருக்கும். சாதாரண சின்னக் குழாய்க்கு அது நிமிடத்துக்கு 20ஐ ஒட்டி வரும். வீட்டுக்குள் ஒன்று, முற்றத்தில் ஒன்று, அளக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள்.

திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தெரிந்த மீனவர் ஒருவரின் படகில், பாதுகாப்பு அங்கியோடு, ஆழமான இடத்துக்குப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். தரையில் இருந்து வரும் காமாவை நீர் விழுங்கிவிடும். 20 சென்ரிமீற்றர் நீர் அதைப் பாதியாக்கும் என்று தாராளமாக வைத்தாலும், 4 மீற்றர் ஆழத்தில் 20 தடவை பாதியாகி ஏறக்குறைய 10 இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். கடல்நீரின் சொந்தப் பொட்டாசியம் மிகக் குறைவு. ஆகவே படகில் நீங்கள் காண்பது விண்கதிரும் கருவியின் சொந்த எண்ணிக்கையும் மட்டும். கரையில் எடுத்ததில் இருந்து இதைக் கழித்தால் தரையின் பங்கு கிடைக்கும். கொட்டியார் குடாவைப் போல ஆழமான கடல் இவ்வளவு கிட்ட வாய்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பொறுமையாக எண்ணுங்கள்

எந்தக் கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரே இடத்தில் ஒரே கருவியை வைத்தாலும் ஒரு நிமிடம் 17 வரும், அடுத்த நிமிடம் 26 வரும். கருவி பழுதில்லை. இதைக் கையாள ஒரு விதிதான் தேவை. எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் வழு, அதாவது அது எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற அளவு. 100 எண்ணினால் வழு 10, அதாவது நூற்றுக்கு 10. 10,000 எண்ணினால் வழு 100, நூற்றுக்கு 1.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்னணி 10 நிமிடத்தில் 220, மாதிரி வைத்து 10 நிமிடத்தில் 250. வித்தியாசம் 30. இதன் வழு 220ஐயும் 250ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது, 470இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 22. 30க்கு வழு 22 என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம், ஒன்றும் சொல்ல முடியாது. அதே வேகத்தில் 1 மணித்தியாலம் எண்ணினால் 1,320உம் 1,500உம் வரும். வித்தியாசம் 180, வழு 53. இப்போது வித்தியாசம் வழுவைப் போல மூன்று மடங்குக்கு மேல். மாதிரியில் ஏதோ இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

பையனின் எண்களை இப்படிப் பார்த்தால் 41க்கும் 20க்கும் வித்தியாசம் 21. வழு 61இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 8. அவன் எண்ணியது ஒரே ஒரு நிமிடம். கருமணலில் கூடுதல் இருப்பது அநேகமாக உண்மைதான், ஆனால் அது 21 என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. 13 ஆகவும் இருக்கலாம், 29 ஆகவும் இருக்கலாம்.

மூன்றாம் படி: தூரத்தை மாற்றுங்கள்

இதற்கு ஒரு பழைய மென்டில் கிடைத்தால் நல்லது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் நம் வீடுகளில் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கின் அந்தச் சின்ன வலைப் பைதான். பழைய மென்டில்களின் வெண்மையான ஒளிக்குக் காரணம் தோரியம் ஒட்சைட்டு. பிற்கால மென்டில்கள் பலவற்றில் தோரியம் இல்லை, ஆகவே எல்லாவற்றையும் கருவிக்குக் காட்டிப் பாருங்கள். என் அம்மாவின் அலுமாரியில் பழைய கடதாசி உறையோடு ஒன்று கிடந்தது. கிட்டக் கொண்டுபோனதும் கருவி தகரக் கூரையில் விழும் மழையாகிவிட்டது. எரித்த மென்டிலைத் தொட வேண்டாம், தொட்டால் மாவாக உதிர்ந்து மூச்சோடு உள்ளே போகும். எரிக்காததை மூடிய பொலித்தீன் பைக்குள்ளேயே வைத்து அளவுங்கள்.

கதிர் விடும் பொருளைக் கதிர் முதல் என்பார்கள். புள்ளியாக உள்ள ஒரு கதிர் முதலில் இருந்து கதிர் எல்லாப் பக்கமும் விரிவதால், தூரம் இரட்டித்தால் செறிவு கால்வாசியாகும். இதுதான் நேர்மாறு வர்க்க விதி. இதைச் சோதிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். பின்னணி நிமிடத்துக்கு 22 என்று வைப்போம். 10 சென்ரிமீற்றரில் 182, 20 சென்ரிமீற்றரில் 62, 40 சென்ரிமீற்றரில் 32 வருகிறது. 182ஐ 62ஆல் வகுத்தால் 2.9. விதி பிழையா? 22ஐக் கழியுங்கள். 160, 40, 10. ஒவ்வொரு முறையும் சரியாகக் கால்வாசி. உங்கள் எண்கள் இவ்வளவு ஒழுங்காக வராது, கணக்கு விளங்கவே இப்படி எடுத்தேன். தூரத்தைக் கருவியின் பெட்டியில் இருந்து அளக்காமல் உள்ளே குழாய் இருக்கும் இடத்தில் இருந்து அளவுங்கள். குழாயின் நீளத்துக்குக் கிட்டிய தூரங்களில் விதி சரிவராது.

கடற்கரையில் இந்த விதியைத் தேடவே வேண்டாம். அகலமாகப் பரந்த மணலில் நீங்கள் மேலே போகப் போக இன்னும் கூடிய பரப்பு குழாய்க்குத் தெரிய வரும். அரை மீற்றரில் இருந்து ஒரு மீற்றருக்கு உயர்த்தினாலும் காமா எண்ணிக்கை பெரிதாகக் குறையாது.

நான்காம் படி: எந்தக் கதிர் என்று பிரியுங்கள்

கருவியை அதே தூரத்தில் வைத்து, இடையில் ஒரு தாள், பிறகு 3 மில்லிமீற்றர் அளவு அலுமினியத் தகடு, பிறகு ஈயத் தகடு. மைக்கா யன்னல் உள்ள குழாயானால் தாள் வைத்ததும் விழும் பகுதி அல்பா. அலுமினியம் வைத்ததும் விழும் பகுதி பெரும்பாலும் பீற்றா. எஞ்சியது பெரும்பாலும் காமா. கடற்கரையில் கருவியின் அடியில் அலுமினியத் தகட்டை வைத்தும் வைக்காமலும் எண்ணிப் பாருங்கள். உடம்புக்குள் ஆழமாகப் போகும் பங்கு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

ஐந்தாம் படி: ஒரு மீற்றர் உயரத்தில் அளவெடுங்கள்

சுற்றாடல் கதிர்வீச்சை ஒரு மீற்றர் உயரத்தில் அளப்பது உலக வழக்கம். ஒரு தடியில் கருவியைக் கட்டி நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் கருவி சூடாகாமல் நிழல் கொடுங்கள், மணல் படாமல் பொலித்தீன் உறை போடுங்கள். பகுதி பகுதியாக நடந்து பார்த்துக் கூடுதல் தெரியும் இடத்தைக் கண்டபின் அங்கே நின்று நீண்ட நேரம் எண்ணுங்கள். கனிய மணல் அகழும் வளவுக்குள் அனுமதி இல்லாமல் போக வேண்டாம், மணலை அள்ளிக்கொண்டு வரவும் வேண்டாம். கருவியின் மாறிலி சரிதானா என்பதில் சந்தேகம் இருந்தால், தரப்படுத்தப்பட்ட கதிர் முதல்களோடு சரிபார்க்கும் வசதி இலங்கை அணுசக்தி சபையிடம் இருக்கிறது.

எண்ணிக்கை மிக வேகமானால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் குழாய் செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு செயலற்றிருக்கும், அப்போது வருவது எண்ணப்படாது. கடற்கரை எண்ணிக்கைகளில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஆறாம் படி: சீவேட்டாக்கி, நேரத்தால் பெருக்குங்கள்

பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை உலோகக் குழாய்க்கு, நிமிடத்துக்கு 1 எண்ணிக்கை என்பதை மணித்தியாலத்துக்கு 0.0057 மைக்ரோசீவேட் என்று எடுப்பார்கள். உங்கள் குழாயின் மாறிலியை அதன் விவரத் தாளில் பாருங்கள். பையனின் கருவியில் இந்தக் குழாய்தான். மேலதிகமான 21ஐ அப்படியே நம்பினால் மணித்தியாலத்துக்கு 0.12 மைக்ரோசீவேட். ஒரு பிள்ளை ஆண்டு முழுக்க நாளுக்கு 2 மணித்தியாலம் அதே பட்டையில் விளையாடினால் 730 மணித்தியாலம். பெருக்கினால் 88 மைக்ரோசீவேட், அதாவது 0.09 மில்லிசீவேட்டுக்குக் கிட்ட. கருவி மணலோடு ஒட்டி இருந்ததால் பீற்றாவும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே உண்மையான அளவு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதை எதோடு ஒப்பிடுவது? உலகில் ஒரு மனிதர் இயற்கையில் இருந்து ஆண்டுக்குப் பெறும் சராசரி 2.4 மில்லிசீவேட். பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட் என்ற எல்லை ஒன்று உண்டு. அது மனித நடவடிக்கைகளால் மேலதிகமாக வருவதற்கு வைத்தது, இயற்கைப் பின்னணியும் வைத்தியத்துக்காக எடுக்கும் படங்களும் அதில் சேராது. பின்னணியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு எல்லை மீறிவிட்டது என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு அவன் நின்ற அந்தத் துண்டுக் கரைக்கு மட்டும். பட்டை தடித்த இடத்தில், ஒரு புயலுக்குப் பின்னர், அல்லது பிரித்தெடுத்த கனியம் குவித்த இடத்தில் எண்ணிக்கை வேறாகத்தான் இருக்கும். அங்கே முதல் படியில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு மறுநாள் பதில் சொன்னேன். பிள்ளைகள் போகட்டும், ஓடட்டும், மணல் வீடு கட்டட்டும். கருமணலில் விளையாடியபின் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடட்டும். தோரியம் தோலுக்கு வெளியே இருக்கும்வரை அதன் அல்பாவைத் தோலின் மேற்படையே மறித்துவிடும், வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போனால் மறிக்க ஒன்றுமில்லை. அவர் கொஞ்சம் தயங்கி, சின்னவன் ஒரு சோடாப் போத்தல் நிறையக் கருமணல் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்றார். அதை அடுத்த முறை போகும்போது அதே கரையில் கொட்டிவிட்டு வரச் சொன்னேன்.